நெப்டியூன் இன்னும் வரவில்லை

நான்காம் ஆண்டில் நாங்கள் எட்டுப் பேர்.
கோள்களும் எட்டு. கணக்குச் சரி.
சூரியனுக்குத்தான் ஆள் இல்லை.
ஆயர் தாவார் தோட்டப் பள்ளியின்
கொடிக்கம்பத்தைக் கேட்டோம்,
அது மறுப்புச் சொல்லவில்லை.

சீட்டுக் குலுக்கினோம்.
லிஷாலினிக்குப் புதன்.
எண்பத்தெட்டே நாளில் ஒரு வருடம் என்று
கம்பத்தை ஒட்டி மூச்சிரைக்க ஓடினாள்.
சர்வினுக்கு வெள்ளி.
எதைச் சொன்னாலும் எதிராய்ச் செய்பவனுக்கு
எதிராய்ச் சுழலும் கோள்!
சீட்டில் ஏமாற்றவில்லை, சத்தியம்.
சிவப்பு இல்லத்துச் சட்டை போட்ட அன்பழகி
அலங்காரமே இல்லாமல் செவ்வாய் ஆனாள்.
வியாழன் தான் என்று தெரிந்ததும்
துவாரகன் நெஞ்சை நிமிர்த்தினான்.
கிரிஷாந்தி சைக்கிள் டயரை
இடுப்பில் மாட்டினாள்: சனி.
யுரேனஸ் படுத்தபடி உருள வேண்டும்.
வெள்ளைச் சட்டையோடு உருண்டான் மிதுலன்,
வீட்டில் என்ன சொல்வானோ.

எனக்குப் பூமி.
லேசான வேலை இல்லை அது.
கம்பத்தையும் சுற்ற வேண்டும்,
தன்னையும் சுற்ற வேண்டும்.
எங்கள் ஊரைத் தொப்புளுக்கு
ஒரு விரல் மேலே வைத்துக்கொண்டு
இடப்பக்கமாய்த் திரும்பினேன்.
கம்பம் நேரே நின்றால் மதியம்.
வலது காதோரம் நழுவினால் அந்தி.
முதுகுக்குப் பின்னே போனால் இரவு,
அம்மா பெரட்டுக்குக் கிளம்பும் இருட்டு.
இடது காதோரம் எட்டிப் பார்த்தால் விடியல்.
கம்பம் ஓர் அங்குலமும் நகரவில்லை.
உதிப்பதும் மறைவதும்
என் காலடியில்தான் இருந்தது.

"சாயணும்!" என்று கத்தினாள் லிஷாலினி.
சாய்ந்தேன்.
"கம்பத்தைப் பார்த்து இல்லை!
எங்கே போனாலும் ஆலைப் புகைபோக்கிப் பக்கமே!"
அப்படியே போனேன்.
ஒரு பக்கம் வந்தபோது
தலை கம்பத்தை நெருங்கியது.
மறுபக்கம் போனபோது விலகியது.
தலைப்பக்கத்து நாடுகளுக்குக்
கோடையும் பனியும் இப்படித்தான் வருகிறதாம்.
தொப்புள் பக்கத்து ஊருக்கோ
வெயில், இல்லையென்றால் மழை.

நிலவை நாங்கள் மறந்தே போனோம்.
கேண்டீன் நாய் மைலோ
தானாக வந்து என்னைச் சுற்றியது.
நிலவு ஒரே முகத்தைத்தான் காட்டும்,
மைலோ வாலையும் காட்டியது.
பதினொன்றாம் நாளில்
தலை கிறுகிறுத்துப் புல்லில் விழுந்தேன்.
இன்னும் முந்நூற்று ஐம்பத்து நான்கு பாக்கி,
கால் நாள் வேறு.
நிஜப் பூமி மணிக்கு
ஆயிரத்து அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் சுழல்கிறது.
கேண்டீன் மேசையில் தேநீர் தளும்பவே இல்லை.
மேசை, கோப்பை, கேண்டீன் அக்கா
எல்லாரும் சேர்ந்தே சுழல்கிறோமாம்.

இந்த அமளியில்
நவிந்திரனை யாரும் நினைக்கவில்லை.
அவனுக்கு நெப்டியூன்.
கம்பத்திலிருந்து எனக்கு மூன்று தப்படி என்றால்
அவனுக்குத் தொண்ணூறு.
எண்ணிக்கொண்டே நடந்தான்.
திடலைத் தாண்டி, கால்வாய்ப் பலகையைத் தாண்டி,
வேலி ஓட்டைக்குள் நுழைந்து
செம்பனைக்குள் மறைந்தான்.
ஒரு சுற்றுக்கு நூற்று அறுபத்தைந்து ஆண்டு.
இந்த ஊரில் முதல் கித்தாக் கன்று
நடும் முன்பே கிளம்பியிருந்தால்
இப்போதுதான் திரும்பியிருப்பான்.

கடைசி மணி அடித்தது.
மணி ஒன்று இருபது, ஏப்ரல் ஒன்று.
கோள்கள் பையெடுக்க ஓடின.
படுத்திருந்த மிதுலன்தான் சொன்னான்:
"கம்பத்தோட நிழலைக் காணோம்!"
முட்டாள்கள் தினம், யார் நம்புவார்?
போய்ப் பார்த்தோம்.
காலையில் திடல் நீளத்துக்குப் படுத்திருந்த நிழல்
கம்பத்துக்குள்ளேயே போய்விட்டிருந்தது.
எங்கள் நிழல்களும் காலணிக்கு அடியில்.
உச்சந்தலைக்கு நேர் மேலே
உண்மைச் சூரியன்.
வருடத்தில் இரண்டே முறை இப்படி,
இனி செப்டம்பரில்தான்.
சர்வின்கூட எதிர்த்துப் பேசவில்லை.

அப்போது மைலோ குரைத்துக்கொண்டு
வேலிப் பக்கம் ஓடியது.
காலுறை முழுக்க ஒட்டுப்புல்லோடு
தலையில் காய்ந்த ஓலைத் துணுக்கோடு
நவிந்திரன் வந்தான்.
எங்களுக்கு நரை விழுந்திருக்கிறதா என்பதுபோல்
ஒவ்வொருவராய்ப் பார்த்துவிட்டுக் கேட்டான்:
"இப்ப எந்த வருஷம்?"